மாஸ்க்கில் தண்ணீர், காதில் வலி, காலில் குரக்களி: முதன்முறை கடலுக்குள் தலைவிடுகிறவர்களுக்கு

"இங்கேயே பாறை இருக்கே, இறங்கிப் பார்க்கலாமா?" புதுச்சேரியில் ஸ்நார்க்கெலிங் (கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், மேலே மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற கேள்வி இதுதான். கை நீளுவது கடற்கரைச் சாலைக் கருங்கற்களை நோக்கி.

வேண்டாம். அவை கடல் ஊருக்குள் வராமல் இருக்க லாரியில் கொண்டுவந்து கொட்டிய கற்கள். 1980களின் பின்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணல் அங்கேயே தங்கிவிட, நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்கரை போய்விட்டது. கற்கள் வந்தன. அலை அவற்றின்மேல் நேராக வந்து மோதும். இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலை உங்களுக்காகக் காத்திருக்காது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவ இரும்புத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகு அந்தப் பக்கம் மணல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். தண்ணீருக்கு அடியில் இரும்பு இருக்கிற இடம் பழகுகிற இடம் இல்லை.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து வடக்கே காலாப்பட்டு வரை நம் கரை ஏறக்குறைய நேர்க்கோடு. வங்கக் கடலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற மணல் கரை. இங்கே முதுகில் காற்று சிலிண்டரோடு டைவிங் போகிறவர்கள் படகில் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் இறங்குகிறார்கள். கரையிலிருந்து நடந்தே இறங்கிப் பழக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் பாறை கை நீட்டி அணைத்த மாதிரி, காற்றுக்கு முதுகைக் காட்டிய சின்னக் குடா வேண்டும். அதற்கு அந்தமானில் ஹேவ்லாக், நீல் தீவுகள் பக்கமோ, திருகோணமலைப் பக்கமோ போக வேண்டும். ஆகவே நம் ஊர்க்காரர்களின் வழி இதுதான்: பழகுவது நீச்சல் குளத்தில், பார்ப்பது வெளியூர்க் குடாவில்.

நான் பயிற்சியாளன் இல்லை. பயிற்சியாளருக்குப் பக்கத்தில் மிதவையையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். அந்த இடத்தில் நின்றால் ஒன்று புரியும். தொந்தரவு தெரிவது தண்ணீரில். அது தொடங்கியதோ பெரும்பாலும் பத்து நிமிடம் முன்பு, கரையில். கீழே உள்ளவற்றை அப்படியே படியுங்கள்: என்ன ஆகிறது, அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்.

"மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்துகிட்டே இருக்கு"

எல்லோரும் முதலில் செய்வது பட்டையை இறுக்குவது. அதுதான் தப்பு. சிலிக்கான் ஓரம் முகத்தில் மெத்தென்று உட்கார வேண்டும். இழுத்து இறுக்கினால் ஓரம் மடங்கும், மடிப்பு வழியாகத் தண்ணீர் வரும். இன்னும் இறுக்குவீர்கள், இன்னும் வரும். கடைசியில் நெற்றியில் மோதிரம் மாதிரி சிவப்புத் தடம்தான் மிச்சம்.

முதலில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

நெற்றிப் பக்கம் என்றால் முடி. ஓரத்துக்கு அடியில் நாலு முடி மாட்டியிருந்தாலும் போதும், திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். ஈரக் கையால் முடியைப் பின்னால் தள்ளிவிட்டு மாட்டுங்கள். நீச்சல் தொப்பியின் விளிம்பு ஓரத்துக்குள் போனாலும் இதே கதைதான்.

பக்கவாட்டில் என்றால் பட்டை உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. அது காதுக்கு மேலாக, பின்மண்டை மேட்டில் இருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் சரிந்தால் மாஸ்க்கைக் கீழே இழுக்கும், கன்னத்தில் இடைவெளி விழும்.

மூக்குக்குக் கீழே என்றால் இரண்டு காரணம். ஒன்று சிரிப்பு. மீனைப் பார்த்துச் சிரித்தால் கன்னம் ஏறி ஓரம் தூக்கிக்கொள்ளும். இது பழகப் பழகச் சரியாகிவிடும். இன்னொன்று மீசை. என் மச்சான் ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மீசையில் கை வைக்க விடாதவர். குளத்தில் மூன்று மாஸ்க் மாற்றினார், மூன்றையும் திட்டினார். நாலாவதாகப் பயிற்சியாளர் நீட்டியது கத்தரிக்கோல். மீசையை எடுக்கச் சொல்லவில்லை. மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே, ஓரம் உட்காரும் இடத்தில் ஒரு கோடு மட்டும் ஒட்ட நறுக்கச் சொன்னார். அரை மணி நேரம் யோசித்தார் மச்சான். நறுக்கியதும் முதலில் போட்ட அதே மாஸ்க் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. நறுக்க மனசு இல்லாதவர்கள் அந்த இடத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவிக்கொள்ளலாம், ஓரளவு தாங்கும்.

வாங்கும்போதே பார்த்துவிட்டால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. பட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள். உறிஞ்சலை விடாதவரை அது முகத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். நழுவினால் அது உங்கள் முகத்துக்கு இல்லை, விலை எவ்வளவாக இருந்தாலும்.

எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும். அதை வெளியேற்றப் பழகுங்கள்: மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்றே மேலே தூக்கி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்ப்பக்கமாகப் போய்விடும். இடுப்பளவுத் தண்ணீரில் பத்துத் தடவை செய்தவருக்கு ஆழத்தில் மாஸ்க் நிறைந்தாலும் கை நடுங்காது.

"கண்ணாடி மங்குது"

புது மாஸ்க் என்றால் காரணம் ஆவி மட்டும் இல்லை. தயாரிக்கும்போது கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அது இருக்கிறவரை எதைத் தடவினாலும் மங்கும். வெள்ளைப் பற்பசையை (ஜெல் வேண்டாம்) உள்பக்கக் கண்ணாடியில் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் கண்ணாடியில் இதைச் செய்யாதீர்கள், கீறல் விழும்.

பழைய மாஸ்க் என்றால் எச்சில் போதும். துப்பி, தேய்த்து, கடல் தண்ணீரில் ஒரே முக்கு. அருவருப்பாக இருந்தால் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு. தடவிய பிறகு விரலால் உள்ளே தொடக் கூடாது. மாட்டிய பிறகு நெற்றிக்குத் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் அரட்டை அடிக்கவும் கூடாது. நெற்றி வியர்வை முழுக்கக் கண்ணாடிக்குத்தான் போகும், அலையடித்தால் மாஸ்க்கே போய்விடும்.

"ஸ்நார்க்கெல்ல உறிஞ்சினா தண்ணிதான் வருது"

எப்போதாவது ஒரு வாய் வந்தால் அது அலை. வேகமாக "டூ" என்று ஊதித் தள்ளுங்கள். அடுத்த மூச்சை மெதுவாக, நாக்கை மேலண்ணத்தில் வைத்து எடுங்கள். மிச்சம் இருக்கும் தண்ணீர் தொண்டைக்குப் போகாது.

ஒவ்வொரு மூச்சுக்கும் வந்தால் முதலில் குழாயின் சாய்வைப் பாருங்கள். கால்விரலைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்தால் குழாய் நுனி தண்ணீருக்குள் போய்விடும். பார்வை நேர் கீழே, கொஞ்சம் முன்னால்.

சாய்வும் சரி, அலையும் இல்லை, ஆனாலும் களகளவென்று சத்தம் வருகிறதா? வாய்க்குக் கீழே வடிகால் வால்வு உள்ள குழாயாக இருந்தால் கரைக்கு வந்து அந்தச் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பத்துப் பைசா அளவில் ஒரு சிலிக்கான் தகடு, நடுவில் ஒரு காம்பு. தகட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தால் அங்கே இருக்கும் குற்றவாளி: ஒரே ஒரு மணல் துணுக்கு. தகடு அதன்மேல் ஏறி நிற்கிறது, மயிரிழை இடைவெளி, உறிஞ்சும்போதெல்லாம் அதன் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. தண்ணீரில் அலசினால் போதும். கரையில் குழாயை மணலில் வைத்துவிட்டு செல்ஃபி எடுத்தது நினைவுக்கு வருகிறதா? அப்போது வந்ததுதான் அது.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். குழாயோடு பி.வி.சி. பைப்பை ஒட்டி நீளமாக்கினால் ஆழத்தில் போய்க்கொண்டே மூச்சு விடலாமே? முடியாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் உங்கள் நெஞ்சை அழுத்துகிற அழுத்தத்துக்கு எதிராக, மேலே உள்ள காற்றை உள்ளே இழுக்க விலாத் தசைகளுக்குப் பலம் போதாது. தவிர, விட்ட மூச்சு நீளக் குழாய்க்குள்ளேயே நின்று திரும்ப உங்களுக்கே வரும். அது ஆளை மயக்கிவிடும். கடையில் விற்கும் குழாய் முழங்கை நீளத்தோடு நிற்பதற்குக் காரணம் உண்டு.

"மூச்சு முட்டுது, எல்லாத்தையும் கழட்டிடணும் போல இருக்கு"

இதைச் சொல்ல நம் ஆட்கள் வெட்கப்படுவார்கள். முக்கியமாக அண்ணன் தம்பி, மாப்பிள்ளை என்று ஒரு கூட்டமாக வரும்போது. சொல்லாமல் இருப்பவர்தான் திடீரென்று மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார். ஆகவே வெளியில் தெரியும் அடையாளங்களைச் சொல்கிறேன், பக்கத்தில் இருப்பவர் கவனியுங்கள்: கண் அகலத் திறந்திருக்கும், கைகள் ஏணி ஏறுவதுபோல் தண்ணீரை அடிக்கும், கூப்பிட்டால் பதில் வராது.

காற்று இல்லாததால் மூச்சு முட்டுவது அரிது. பெரும்பாலும் வெளியே விடாததால்தான் முட்டுகிறது. பயத்தில் குட்டிக் குட்டியாக மேல்மூச்சு எடுத்தால், குழாயில் தேங்கியிருக்கிற பழைய காற்றுதான் திரும்பத் திரும்ப உள்ளே போகும். கரியமில வாயு ஏறும். அது ஏறினால் இன்னும் மூச்சு வேண்டும் போல் இருக்கும், பயம் கூடும். இந்தச் சுற்றை அறுக்கிற இடம் வெளிமூச்சு. நிறுத்துங்கள், மல்லாந்து மிதந்திருங்கள் அல்லது மிதவையைப் பிடியுங்கள், மெதுவாக, நீளமாக ஊதுங்கள். உள்ளே எடுப்பது தானாக நடக்கும்.

இதையும் கரையிலேயே தடுக்கலாம். இறங்கியதும் நீந்தாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி முகத்தை மட்டும் உள்ளே விட்டு இரண்டு நிமிடம் மூச்சு விடுங்கள். மனசு "மூக்கு அடைபட்டிருக்கிறது, ஆனாலும் உயிரோடுதான் இருக்கிறோம்" என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கிறது. வெட்சூட்டின் (உடம்போடு ஒட்டுகிற ரப்பர் உடை) கழுத்து இறுக்கமாக இருந்தாலும் இதே உணர்வு வரும், அதையும் பாருங்கள்.

சிலிண்டரோடு போகிறவர்களுக்கு இதில் ஒரே ஒரு விதி கூடுதல்: மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வரவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் நிறைத்த நுரையீரல் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஆழமே இல்லாத இடம் என்று அலட்சியம் வேண்டாம், குளத்து ஆழத்திலும் நுரையீரல் கிழியலாம்.

இதற்கு நேர் எதிரான ஆசாமியும் உண்டு. மூச்சடக்கி இன்னும் கொஞ்ச நேரம் அடியில் இருக்க வேண்டுமென்று, இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு எடுப்பார். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் கூடுவதில்லை. கரியமில வாயு குறைகிறது. "மேலே வா" என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை அதுதான். அது வருவதற்கு முன்பே ஆள் சத்தமில்லாமல் மயங்கிவிடுவார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிப் போகிறார்கள். யாராவது புஸ் புஸ்ஸென்று ஊதுவதைப் பார்த்தால் தோளைத் தட்டி நிறுத்துங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

"காது வலிக்குது"

இரண்டாள் உயரம்கூடப் போயிருக்க மாட்டீர்கள், வலிக்கும். அது இயல்பு. 10 மீட்டர் போனால் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. விகிதப்படி பார்த்தால் பெரிய மாற்றம் முதல் சில மீட்டரில்தான் நடக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று சுருங்குகிறது, பறை உள்ளே வளைகிறது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகிற குழாயைத் திறந்து அங்கே காற்றை அனுப்பினால் சரியாகிவிடும்.

எப்படி: மாஸ்க்குக்கு வெளியிலிருந்து மூக்கை இரண்டு விரலால் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்கால் ஊதுங்கள். காதில் "டப்" என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். எச்சில் விழுங்கியே திறந்துகொள்கிற அதிர்ஷ்டசாலிகளும் உண்டு.

எப்போது: இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வலித்த பிறகு அல்ல, வலிக்கும் முன். தலை தண்ணீருக்குள் போவதற்கு முன்பே ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஒரு தடவை. வலி வந்துவிட்டது என்றால் குழாயின் வாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்போது பலமாக ஊதினால் திறக்காது, உள்காதுக்குத்தான் கேடு. ஒரு மீட்டர் மேலே வாருங்கள், வலி விடட்டும், மறுபடி ஊதுங்கள்.

ஒரு காது மட்டும் திறக்கவில்லையா? அந்தக் காது மேலே வரும்படி தலையைச் சாய்த்து ஊதுங்கள். தலைகீழாக இறங்கும்போது மட்டும் திறக்கவில்லையா? கால் கீழே, தலை மேலே இருக்கும்படி மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கை கையாக இறங்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு மேலே மிதப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், உள்ளே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்து காற்று சிக்கிக்கொள்ளும். மேலே வரும்போது வலிக்கும். டிக்கெட் போட்டாயிற்று, ரூம் போட்டாயிற்று என்பதெல்லாம் காதுக்குத் தெரியாது.

காது அடைப்பான் போட்டால் வலிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. போடவே கூடாது. அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவில் இன்னொரு காற்றறை உண்டாகும், அதைத் திறக்க வழியே இல்லை. நீச்சல் கண்ணாடியோடு ஆழம் போகக் கூடாது என்பதும் இதனால்தான். மூக்கு வெளியே இருப்பதால் அதற்குள் காற்றை ஊத முடியாது, கண்ணை உறிஞ்சிச் சிவப்பாக்கிவிடும்.

காதிலிருந்து ரத்தம், தலைசுற்றல், திடீரென்று ஒரு பக்கம் கேட்காமல் போவது: இவற்றுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. சொட்டு மருந்துகூட விடாமல் நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்.

"குளத்துல மூழ்கினேன், கடல்ல மூழ்க முடியல"

உங்கள் மேல் தப்பில்லை, உப்பு மேல்தான். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனம். நீங்களும் உபகரணமும் சேர்ந்து 80 கிலோ என்றால் குளத்தில் போட்டதைவிட 2 கிலோ ஈயக்கட்டி கூடுதலாக வேண்டும். கணக்கு இருந்தாலும் தண்ணீரில் சோதித்துத்தான் முடிவு. கால் எட்டாத தண்ணீரில் நிமிர்ந்து, அசையாமல், சாதாரண மூச்சோடு நின்றால் தண்ணீர் மட்டம் கண்ணளவில் வர வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும்.

கட்டி சரியாக இருந்தும் இறங்கவில்லை என்றால் இரண்டு சந்தேகம். காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறீர்கள் (தெரியாமலே ஆடும்), அல்லது நெஞ்சு முழுக்கக் காற்றை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கல் மாதிரி அடிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்றால் கட்டி அதிகம். இதுதான் ஆபத்தான பக்கம். கட்டி அதிகமான ஆள் பாறையில் முழங்காலை ஊன்றுவார். அங்கே இருக்கிற பவளத்துக்கும் கேடு, முழங்காலுக்கும் கேடு. ஸ்நார்க்கெலிங்கில் தொடக்கநிலைக்காரர்களுக்குக் கட்டியே வேண்டாம், மிதவை ஜாக்கெட் போதும்.

"குரக்களி பிடிச்சுக்கிச்சு"

கெண்டைக்காலில் என்றால் பாதத்தில் மாட்டிய துடுப்பின் நுனியைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்து, முட்டியை நீட்டுங்கள். விடும்வரை பிடித்திருங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சைக்கிள் மிதிப்பதுபோல் முட்டியை மடக்கி அடிக்கிறீர்கள். இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும். உள்ளங்காலில் என்றால் துடுப்பு சின்னது. காலையில் வெறும் வயிற்றோடு ஒரு காபியை மட்டும் குடித்துவிட்டு வந்ததும் கணக்கில் உண்டு.

"நீந்துறேன், கரை கிட்டயே வரல"

நீந்துவதை நிறுத்திவிட்டு இரண்டு பொருளைப் பாருங்கள்: ஒன்று முன்னால், ஒன்று அதற்குப் பின்னால். ஒரு பாறையும் ஒரு தென்னையும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டில் கொண்டுபோகிறது. அதை எதிர்த்து நீந்தாதீர்கள். குறுக்கே, கரைக்குச் சாய்வாக நீந்தினால் இறங்கிய இடத்துக்கு இல்லாவிட்டாலும் எங்காவது கரையேறலாம். கடலுக்குள் நேராக இழுத்தால் கரைக்கு இணையாக நீந்தி அந்த இழுப்பைவிட்டு வெளியே வந்து, அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லையா, மிதந்துகொண்டு ஒரு கையை உயர்த்துங்கள்.

குடா அமைதியாக இருக்கிறது என்பதற்காக வாய்ப்பகுதியும் அப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். உள்ளே குளம் மாதிரி. பாறை முனையைத் தாண்டியதும் ஆறு மாதிரி. முதல் நாள் அந்த முனைதான் எல்லை. போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும். தெம்பு இருக்கும்போது கஷ்டப்படுவது நல்லது.

பாறைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும்போது அலை உங்களை உள்ளே தள்ளி வெளியே இழுக்கிற மாதிரி இருந்தால், அதோடு சண்டை போடாமல் சற்று விலகி ஆழமான பக்கம் வந்துவிடுங்கள். கரையேறுவது எப்போதும் மணல் உள்ள இடத்தில். துடுப்போடு நடக்க வேண்டியிருந்தால் பின்பக்கமாக, அலையைப் பார்த்துக்கொண்டே நடங்கள்.

இந்த விஷயத்தில் புத்தகத்தைவிட மீனவர் பேச்சு பெரிது. எந்த ஊர்க் கரையானாலும் வலை காயப்போட்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீராம்பட்டினத்தில் ஒருமுறை கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, படகில் போகலாம் என்று கிளம்பி நின்றோம். பைபர் போட்டில் சாய்ந்திருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மேல அப்படித்தான் தெரியும் தம்பி. அடியில வெள்ளம் இழுக்குது, எங்க வலையே சுருட்டிக்கிச்சு." கிளம்பவில்லை.

"ஒண்ணுமே தெரியல"

கையை நீட்டினால் விரல் தெரியவில்லை என்றால் வெளியே வாருங்கள், அன்றைக்குப் பார்க்க எதுவும் இல்லை. நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கொண்டுவருகிற சேறு கடலைக் கலக்கிவிடும். திருகோணமலைப் பக்கமும் அதே மழைதான். அங்கே கடல் தெளிகிறது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை.

உங்களுக்கு முன்னால் மட்டும் தெளிவாகவும் பின்னால் வருபவருக்குக் கலங்கலாகவும் இருந்தால், கலக்குவது உங்கள் துடுப்பு. காலைத் தூக்கி அடியுங்கள்.

தூரம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது உங்கள் கண் பவர். மூக்குக் கண்ணாடியை மாஸ்க்குக்குள் மாட்ட முடியாது, பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. இன்னொன்று: தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். யாராவது முழ நீளக் களவா மீன் பார்த்தேன் என்றால் கால் பாகத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

"எரியுது", "குத்திடுச்சு"

சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாக எரிந்தால் சொறிமீன் (ஜெல்லி மீன்). தேய்க்காதீர்கள், மணலைப் போடாதீர்கள், நல்ல தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் இழைகளில் இன்னும் வெடிக்காத கொடுக்குகள் இருக்கும். கடல் தண்ணீரால் கழுவி, இடுக்கியால் இழையை எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். சிறுநீர் வைத்தியம் சினிமாவோடு போகட்டும்.

ஒரே இடத்தில் ஆழமாகக் குத்தி வலி ஏறிக்கொண்டே போனால் முள். திருக்கை, கெளுத்தி, பாறையோடு பாறையாகக் கிடக்கும் நச்சு மீன்கள் எல்லாவற்றின் நஞ்சும் சூட்டுக்கு அடங்கும். 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். சூட்டை அடிபடாத கையால் முதலில் பாருங்கள், வலியில் இருக்கிற கால் வெந்தாலும் தெரியாது. ஆழமாகச் செருகிய முள்ளைப் பிடுங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் 108.

கையில் கால்முட்டியில் பிளேடு கீறிய மாதிரி இருந்தால் பாறையில் ஒட்டிய ஆளி (சிப்பி) ஓடு. சின்னக் காயம்தான், ஆனால் சீக்கிரம் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். பாறைப் பொந்துக்குள் கை விட்டுக் கடிபட்டால் அது அஞ்சாலை, பாம்பு மாதிரி நீண்ட மீன். அது அதன் வீடு, வேறென்ன சொல்ல.

"நேத்து டைவ் போனேன், இன்னைக்கு முட்டி வலிக்குது"

ஸ்நார்க்கெலிங் மட்டும் செய்தவர் என்றால் உடம்பு வலியாக இருக்கலாம். சிலிண்டரோடு போனவருக்கு மூட்டு வலி, மரத்துப் போதல், தோலில் திட்டு, காரணமில்லாத அசதி எதுவாக இருந்தாலும் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விடக் கூடாது. ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி இருக்கலாம். ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி, டைவ் போனதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தமானிலிருந்து சென்னைக்கு விமானம் பிடிப்பவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். அதிகாலை விமானம் என்றால் முந்தின நாள் காலையோடு முடித்துக்கொள்வது நல்லது. கடலில் யாராவது சிக்கிக்கொண்டால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

"போன வருஷம் நல்லா இருந்த மாஸ்க், இப்ப பிசுபிசுன்னு இருக்கு"

உப்போடு பையில் போட்டு மொட்டை மாடி வெயிலில் காயவைத்திருப்பீர்கள். வாளி நிறைய நல்ல தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கண்ணாடி கீழ்ப்பக்கம் படாதபடி எடுத்து வையுங்கள். கறுப்பு ரப்பர் பொருள்களோடு ஒன்றாக வைத்தால் வெள்ளைச் சிலிக்கான் பழுப்பாகும். அலசும்போது ஸ்நார்க்கெலின் அந்தச் சின்ன மூடியையும் ஒரு தடவை திறந்துவிடுங்கள். வாளியின் அடியில் எப்படியும் ரெண்டு மணல் கிடக்கும்.